வீட்டுப் பட்டறைக்கு லேத் இறக்குவது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், சிங்காநல்லூர் பக்கமெல்லாம் வீட்டோடு ஒட்டின பட்டறை புதிதல்ல. கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர் ஒரு பழைய லேத்தை, அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷினை வாங்கி, பின்பக்கம் ஷெட் போட்டு, பம்ப் கம்பெனிக்குக் கூலிக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் வொர்க் ஆரம்பிப்பார். மெஷினைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்குக்கூட, அதை லாரியிலிருந்து ஷெட்டுக்குள் கொண்டுபோய் வைக்கும் அந்த அரை நாள் வேலையில் நிறையச் சந்தேகம் இருக்கிறது. என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் 6 அடி லேத்தை மனதில் வைத்துத்தான் பதில்.

6 அடி லேத் எவ்வளவு எடை இருக்கும்ங்க? டாடா ஏஸ்ல வந்துருமா?

6 அடி என்பது பெட்டின், அதாவது மற்ற பாகமெல்லாம் உட்காரும் நீள அடித்தளத்தின் நீளம். மோட்டார், கியர் கவர் எல்லாம் சேர்த்தால் மொத்த நீளம் இன்னும் கூடும் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எடை மாடலுக்கு மாடல் ரொம்ப மாறும். பெல்ட்டில் ஓடும் லேசான லேத் ஒரு டன்னுக்குள் இருக்கும், வேகத்தைக் கியரிலேயே மாற்றும் கனமான ஆல் கியர் லேத் என்றால் ஒன்றரை, இரண்டு டன் வரை போகும். டாடா ஏஸ் தாங்குவது சுமார் முக்கால் டன். அதனால் லேசான லேத்துக்கே அது சரிவராது, 407 மாதிரி சின்ன லாரியைப் பேசுங்கள்.

பெயர்ப்பலகையில் எடை பெரும்பாலும் இருக்காது. விற்பவர் சொல்லும் எடையை நம்பி கிரேன், தூக்கும் பெல்ட் எல்லாம் முடிவு செய்வது ஆபத்து. வண்டி காலியாக ஒரு முறை, மெஷினோடு ஒரு முறை எடைமேடையில் ஏறினால் கணக்கு முடிந்தது. அதற்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு, ஆனால் இறக்கும் இடத்தில் எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கும்.

ஆறு ஆளு இருந்தா தூக்கி வச்சிரலாம்ல?

முடியாது. ஆள் கூடினால் ஆபத்தும் கூடும். ஆறு பேர் ஒரு டன்னைப் பிடித்தால் ஒவ்வொருவர் கையிலும் 160 கிலோவுக்கு மேல், அதிலும் ஒருவர் கை வழுக்கினால் மொத்தமும் இன்னொருவர் பக்கம் சாயும். கனமான மெஷினை யாரும் தூக்குவதில்லை. கடப்பாரையில் ஒரு இஞ்ச் நெம்பி, கட்டை கொடுத்து, உருளை வைத்து நகர்த்துவார்கள். விவரம் தெரிந்த மூன்று பேரும் எல்லாருக்கும் சத்தம் கொடுக்க ஒரே ஒருவரும் போதும். வேடிக்கை பார்க்க வரும் அக்கம்பக்கத்துக்காரர்கள், குழந்தைகள், நாய் எல்லாரையும் அந்த நேரம் உள்ளே அனுப்பிவிடுங்கள்.

கேட் 10 அடி, ஷெட் கதவு 4 அடி. போதும்தானே?

கதவு அகலத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கதவில் இல்லை, கதவுக்கு முன்னால் திரும்பும் இடத்தில்தான். வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் மூன்றரை அடிச் சந்து, சந்து முடிந்ததும் வலது பக்கம் ஷெட் என்று இருந்தால், 7 அடி நீளம் அங்கே திரும்பாது.

இதற்கு நான் எல்லாரையும் செய்யச் சொல்வது ஒன்றுதான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மெஷினின் மொத்த நீள அகலத்தை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்டில் வீல் உட்பட, டேப்பில் அளந்துகொள்ளுங்கள். அதே அளவுக்கு ஒரு பழைய ஒட்டுப்பலகையோ தெர்மகோலோ வெட்டி, தெருவிலிருந்து ஷெட்டுக்குள் கடைசியாக நிற்கப்போகும் இடம் வரை தரையில் தள்ளிக்கொண்டே போங்கள். எங்கே திரும்பாது, எந்தப் படி தடுக்கும், எந்த மழைநீர்க் குழாய் இடிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும். பலகை திரும்பாத இடத்தில் மெஷினும் திரும்பாது. அப்புறம் கதவு நிலையின் உயரம், கட்டையும் உருளையும் வைத்தபின் மெஷினின் உயரம், இரண்டையும் பாருங்கள். லேத்தைவிட உயரமான மில்லிங் மெஷினுக்கு (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது) இது ரொம்ப முக்கியம்.

போர்டிகோவுக்கு அடியில தண்ணி சம்ப் இருக்குங்க. மேல உருட்டிட்டு போலாமா, கார் எல்லாம் நிக்குதே?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே நன்றி, ஏனென்றால் நிறையப் பேர் கேட்பதே இல்லை. நம் ஊர் வீடுகளில் சம்ப்பும் செப்டிக் டேங்கும் பெரும்பாலும் வாசல் பக்கத்திலேயே, மெஷின் போகவேண்டிய அதே வழியில்தான் இருக்கும். மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பதால் எங்கே தொட்டி முடிகிறது, எங்கே மண் ஆரம்பிக்கிறது என்று தெரியாது.

கார் நிற்கிறதே என்பது சமாதானம் ஆகாது. ஒரு டன் காரின் எடை நான்கு டயரில் பிரிந்து, ஆறேழு அடி தள்ளித் தள்ளி இறங்குகிறது. லேத்தின் கீழே உருளை வைத்தால் அதே எடை இரண்டு மூன்று கோடுகளில் இறங்கும், நெம்பும்போது கடப்பாரை முனை ஒன்றிலேயே பாதி எடை நிற்கும். அதிலும் ஆள் இறங்கும் மூடி இருக்கும் இடத்தில் சிலாப் ஏற்கெனவே வெட்டுப்பட்டது. செப்டிக் டேங்க் மூடியின் கம்பி உள்ளிருக்கும் வாயுவில் அரித்துப்போயிருக்கலாம், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

முதல் வழி, தொட்டியைத் தவிர்த்துப் போவது. முடியாது என்றால் தொட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் உட்காரும்படி நீளமான இரும்பு ஐ பீமோ சேனலோ இரண்டு போட்டு, அதன்மேல் தகடு விரித்துப் பாலம் மாதிரிக் கடத்துங்கள். எடை சிலாப்பில் இறங்காமல் சுவரில் இறங்கவேண்டும். பீம் நடுவில் வளைந்து சிலாப்பைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக, சுவருக்கு மேலே வரும் இடத்தில் சின்னக் கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். எந்த பீம் போதும் என்பதை எடைமேடை எண்ணைக் காட்டி ஒரு சிவில் இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் இறங்கி முட்டுக் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும், செப்டிக் டேங்காக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. விஷவாயு அடித்து உயிரே போய்விடும்.

டைல்ஸ் உடையாம இருக்குமா?

உள்ளே வெற்றிடம் இருக்கும் டைல்ஸ் உடையத்தான் செய்யும். தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும். 18 மி.மீ. ஒட்டுப்பலகை விரித்து அதன்மேல் 5 மி.மீ. தகடு போட்டு உருட்டினால் பெரும்பாலும் தப்பிக்கும். வெறும் பலகையில் உருளை அமுங்கி நின்றுவிடும், அதனால் தகடு அவசியம்.

மாடியில ரூம் சும்மாதான் இருக்கு, அங்க போட்டா என்ன?

வேண்டாம். வீட்டு அறைத் தளத்துக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் கணக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. லேத் அடைக்கும் இடம் ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்தால் அங்கே வைக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பது 300 கிலோ. நீங்கள் வைக்கப் பார்ப்பது ஒரு டன், அதுவும் அதிர்ந்துகொண்டே ஓடுகிற ஒரு டன். தரையில், கீழே மண் இருக்கும் இடத்தில்தான் மெஷின் நிற்கவேண்டும்.

இறக்க ஹைட்ரா கிரேன் சொல்லணுமா, இல்ல பலகை போட்டு சறுக்கி இறக்கிரலாமா?

ஹைட்ரா சொல்லுங்கள். லாரியின் தளத்திலிருந்து பலகை போட்டுச் சறுக்குவது பழைய காலத்தில் நடந்தது என்பதற்காக இன்றும் செய்யவேண்டியதில்லை. சறுக்க ஆரம்பித்த ஒரு டன்னைக் கயிற்றைப் பிடித்து நிறுத்துகிற ஆள் யாரும் இல்லை.

ஹைட்ராவிலும் மூன்று விஷயம் பாருங்கள். நம் ஊரில் ஓடும் சாதாரண ஹைட்ராவின் பூம், அதாவது தூக்கும் கை, சுழலாது, முன்பக்கம்தான் நீளும். வண்டியே திரும்பினால்தான் சுமையும் திரும்பும், அதனால் தெருவில் திரும்ப இடம் வேண்டும். பூம் நீள நீளத் தூக்கும் திறன் வேகமாகக் குறையும். 12 டன் ஹைட்ரா என்றால் பூமைச் சுருக்கி, கிட்டே வைத்துத் தூக்கும்போதுதான் 12 டன். காம்பவுண்ட் சுவருக்கு மேலே நீட்டி உள்ளே இறக்கச் சொல்வதாக இருந்தால், அந்தத் தூரத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று ஓட்டுநர் தன் வண்டியிலுள்ள அட்டவணையைப் பார்த்துச் சொல்லவேண்டும். மூன்றாவது, தலைக்கு மேலே போகும் மின்கம்பி. குறைந்தது 3 மீட்டராவது தள்ளியிருக்கவேண்டும். முடியாத தெரு என்றால் மின்வாரியத்தில் சொல்லி அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

பெல்ட்டை எங்க மாட்டறது? ஹெட்ஸ்டாக்ல சுத்திட்டா போதுமா?

ஹெட்ஸ்டாக்கில், அதாவது கியரும் சக்கும் இருக்கும் தலைப்பகுதியில் வேண்டாம், பெட்டின் அடியில் மாட்டவேண்டும். பெட்டின் முன்பக்கம் நீளமாக ஓடும் லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு மேலே பெல்ட் ஏறி அழுத்தினால் அவை வளைந்துவிடும். அப்படி வளைந்த லீட் ஸ்க்ரூவோடு த்ரெட் (மரை) போடவே முடியாது. சுழலும் தண்டான ஸ்பிண்டில், கடையும் பொருளைப் பிடிக்கும் சக் இவற்றில் மாட்டித் தூக்கினால் பேரிங் போய்விடும். பெல்ட்டுக்கும் பெட்டுக்கும் நடுவில் கட்டை வைத்து, ராடுகளைத் தொடாமல் விலக்கி நிறுத்துங்கள். எடை முழுக்க ஹெட்ஸ்டாக் பக்கம் இருப்பதால் தூக்கும் இடமும் அந்தப் பக்கம் தள்ளியே வரும். பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும், வெட்டும் டூல் உட்காரும் சேடிலையும் எதிர்முனைக்குக் கடைசி வரை தள்ளி லாக் செய்தால் கொஞ்சம் சமமாகும். முதலில் தரையை விட்டு இரண்டு இஞ்ச் மட்டும் தூக்கி நிறுத்திப் பாருங்கள். சாய்ந்தால் இறக்கி, பெல்ட்டை நகர்த்தி, மறுபடியும் தூக்குங்கள்.

பெல்ட்டின் நிறம் திறனைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். கொக்கியிலிருந்து இரண்டாகப் பிரிந்து இறங்கும் இரண்டு கால் பெல்ட்டில் கோணம் முக்கியம். 1200 கிலோ மெஷினுக்குப் பெல்ட் தரைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலிலும் சுமார் 700 கிலோ. அதே பெல்ட் படுத்து 30 டிகிரிக்கு வந்தால் ஒவ்வொரு காலிலும் முழு 1200 கிலோ. அதனால் குட்டைப் பெல்ட்டை இழுத்துப் பிடித்து மாட்டாதீர்கள். ஓரம் வெட்டுப்பட்ட, லேபிள் இல்லாத பெல்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உருளை வச்சு தள்றது எப்படின்னு விவரமா சொல்லுங்க

முதலில் லேத்தின் காலுக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு கட்டை, 4க்கு 4 இஞ்ச், போல்ட் போட்டு இறுக்குங்கள். லேத்தின் கால் ஒடுக்கம், எடை மேலே இருக்கிறது, அதனால் பக்கவாட்டில் சாய அது எப்போதும் தயார். குறுக்கே இன்னும் இரண்டு கட்டை அடித்து அகலத்தைக் கூட்டினால் அந்த பயம் பாதி போய்விடும். சந்து இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமாகவே வையுங்கள்.

உருளைக்கு ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் கனமான சி கிளாஸ் நல்லது. எல்லாம் ஒரே அளவு, மெஷினின் அகலத்தைவிட ஒரு அடி நீளம் அதிகம். எப்போதும் மூன்று உருளை அடியில் இருக்கவேண்டும், பின்னால் வெளியே வருவதை எடுத்து முன்னால் போட ஒன்றிரண்டு கூடுதல். முன்னால் போடும்போது பைப்பின் முனையைப் பிடித்து வையுங்கள், விரலை உள்ளே விட்டு வைக்கவே கூடாது. திருப்ப வேண்டுமென்றால் முன் உருளையைச் சுத்தியலால் ஒரு முனையில் தட்டிச் சாய்த்துவிடுங்கள், மெஷின் தானாக அந்தப் பக்கம் போகும். தகட்டின் மேல் ஒரு டன் லேத்தை ஒரே ஆள் கடப்பாரையால் பின்னாலிருந்து நெம்பியே நகர்த்தலாம், அவ்வளவு லேசாக இருக்கும். லேசாகப் போகிறதே என்று வேகம் கொடுக்கவேண்டாம், கையில் ஆப்பு வைத்த ஒருவர் முன்பக்கம் ஓரமாக நின்றுகொண்டே இருக்கட்டும்.

நெம்பும்போது ஒரு கட்டை கனத்துக்கு மேல் ஒரே முறையில் தூக்காதீர்கள். தூக்கு, கட்டை செருகு, இறக்கு, அடுத்த முனைக்குப் போ. கடப்பாரைக்கு அடியில் செங்கல் வைக்காதீர்கள், நொறுங்கும். மரக்கட்டைதான்.

ரோட்டுல இருந்து போர்டிகோவுக்கு சாய்வா இருக்கு. அப்படியே தள்ளி ஏத்திரலாமா?

சமதரையில் உருளை எவ்வளவு உதவியோ, சரிவில் அவ்வளவு எதிரி. 10 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் ஒரு டன் மெஷின் சுமார் 100 கிலோ விசையோடு கீழே இழுக்கும். நம் வீட்டு வாசல் சாய்வு பல இடத்தில் மூன்றடிக்கு ஓரடி, அங்கே அது 300 கிலோவைத் தாண்டும். உருளை மேல் நிற்கும் மெஷினுக்கு பிரேக் கிடையாது.

கிரேன் எட்டுமானால் சாய்வைத் தாண்டி மேலேயே இறக்கச் சொல்லுங்கள். எட்டாது என்றால் கட்டையும் மண் மூட்டையும் போட்டுச் சாய்வை நீளமாக்கி, மேலே உறுதியான ஒரு பிடிமானத்திலிருந்து கை வின்ச்சிலோ செயின் புல்லியிலோ இழுங்கள். பிடிமானம் என்றால் கேட் தூணோ ஜன்னல் கம்பியோ இல்லை, கட்டடத்தின் கான்கிரீட் தூண். ஒவ்வொரு அரை அடிக்கும் பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டே வரவேண்டும், அதை வைப்பவர் பக்கத்திலிருந்து ஒரு நீளக் கம்பால் தள்ளி வைக்கட்டும். மெஷினுக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. இறக்கத்திலும் இதே முறைதான், மேலிருந்து பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி விடவேண்டும்.

சாய ஆரம்பிச்சா என்ன பண்றது?

விட்டுவிட்டு விலகுங்கள். கை கொடுத்துத் தாங்கப் பார்ப்பதுதான் இந்த வேலையில் ஆள் சாகிற விதம். பொருள் விழும்போது பிடிக்கப் போவது எல்லாருக்கும் இயல்பு, அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லி எல்லாரையும் சம்மதிக்க வையுங்கள். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் யாரும் நுழையக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி, மூன்றரை அடிச் சந்தில் தப்பிக்க இடமே கிடையாது. விழுந்த லேத் வார்ப்பு இரும்பு, வளையாது, உடையும். நஷ்டம்தான், ஆனால் அது பணம்.

கழட்டி பாகம் பாகமா கொண்டு போனா ஈஸி இல்லையா?

ஓரளவுக்கு ஆமாம். சக், மோட்டார், டெயில்ஸ்டாக், சிப் ட்ரே, கூலன்ட் டேங்க் எல்லாவற்றையும் தாராளமாகக் கழட்டுங்கள். எடையும் குறையும், அகலமும் குறையும். சக்கைக் கழட்டும்போது அடியில் பலகை வையுங்கள், பெட் மேல் விழுந்தால் தழும்பு நிரந்தரம். ஹெட்ஸ்டாக்கை மட்டும் பெட்டிலிருந்து கழட்டாதீர்கள். திரும்ப வைத்து நேர்படுத்துவது வீட்டில் ஆகும் வேலை இல்லை.

மில்லிங் மெஷினும் இதே மாதிரிதானா?

கொள்கை அதேதான், ஆனால் இது இன்னும் உயரம், இன்னும் தலைகனம். தலை திரும்பும் டரட் வகை மில்லிங்காக இருந்தால், டேபிளைத் தாங்கி ஏறி இறங்கும் 'நீ' (knee) பாகத்தைக் கடைசி வரை கீழே இறக்குங்கள், தலையைத் தலைகீழாகச் சாய்த்து லாக் செய்யுங்கள், டேபிளை நடுவில் நிறுத்திப் பூட்டுங்கள். தலையைத் தாங்கும் மேல்கையான ராம் மேல் தூக்கு வளையம் இருந்தால் அதிலேயே மாட்டலாம். கதவு உயரம் இங்கே பெரும்பாலும் இடிக்கும், அதனால் மேலே சொன்ன உயரக் கணக்கை மறக்காதீர்கள்.

ஷெட் கூரை ஆங்கிள்ல செயின் புல்லி தொங்க விடலாமா?

கூடாது. அந்த ஆங்கிள் தகரத்தையும் காற்றையும் தாங்கப் போட்டது. சுமை தூக்கும் நான்கு கால் சட்டமான கேன்ட்ரி வாடகைக்குக் கிடைக்கும். முக்காலி என்றால் கால்கள் அகன்று வழுக்காதபடி மூன்று காலையும் சங்கிலியால் கீழே பிணைத்துவிடுங்கள், சுமை தூக்கியபின் முக்காலியை இழுக்காதீர்கள்.

ஷிஃப்டிங் ஆளுங்ககிட்ட முன்னாடியே என்ன பேசிக்கணும்?

எடைச் சீட்டையும் வழியின் போட்டோக்களையும் காட்டி, அவர்களை ஒரு முறை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலேயே விலை சொல்பவர் அன்றைக்கு வந்து நின்று ரேட் ஏற்றுவார். மெஷின் கடைசியாக நிற்கும் இடத்தில் வைத்துக் கட்டை எடுப்பது வரை சேர்த்திதானா, உடைந்தால் யார் பொறுப்பு, இரண்டையும் எழுதி வாங்குங்கள். சீட்டு, பில் விஷயமும் முன்பே முடியட்டும்: ஜி.எஸ்.டி. உள்ளவரிடம் வாங்கினால், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேலும், பட்டாலா, ராஜ்கோட் என்று வெளிமாநிலத்திலிருந்து வந்தால் 50,000 ரூபாய்க்கு மேலும் சரக்கு வண்டிக்கான இ-வே பில் வேண்டும்.

வச்சாச்சு. உடனே ஓட்டலாமா?

தரை புதிதாகப் போட்டதா என்று பாருங்கள். கான்கிரீட் 28 நாளில்தான் முழு வலுவுக்கு வரும், ஒரு வாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அப்புறம் லெவல். கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல் ஒன்றை இரவல் வாங்குங்கள். பெட்டுக்குக் குறுக்கே ஹெட்ஸ்டாக் பக்கம் ஒரு முறை, டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு முறை வைத்தால் இரண்டும் ஒரே அளவு காட்டவேண்டும். மாறினால் பெட் முறுக்கியிருக்கிறது, நீங்கள் கடையும் ஒவ்வொரு ராடும் ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்து டேப்பராகத்தான் வரும். முறுக்கு போகும்வரை லெவல் போல்ட்டில் சரிசெய்து, அதன்பின் ஃபவுண்டேஷன் போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கியபின் மறுபடியும் பாருங்கள், ஒரு வாரம் கழித்தும் பாருங்கள். கியர் பாக்ஸில் எண்ணெய் இருக்கிறதா என்பதையும், எல்லா வீலும் கையில் லேசாகச் சுற்றுகிறதா என்பதையும் பார்த்தபின்தான் ஸ்விட்ச்.

வீட்டுல சிங்கிள் ஃபேஸ்தான். மோட்டார் த்ரீ ஃபேஸ். வி.எஃப்.டி. போட்டா ஓடுமா?

ஓடும், ஆனால் மோட்டாரைப் பொறுத்தது. வி.எஃப்.டி. என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி. சிங்கிள் ஃபேஸில் ஓடுவது மூன்று ஃபேஸாகக் கொடுத்தாலும் அழுத்தம் 230 வோல்ட்தான். நம் ஊரில் 2 ஹெச்.பி. வரை உள்ள 415 வோல்ட் மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பில் இருக்கும் (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டார் சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள்), அதை டெல்டாவாக மாற்றினால் 230-ல் முழு சக்தியோடு ஓடும். 3 ஹெச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் ஏற்கெனவே டெல்டா, அதனால் இந்த வழி அடைபட்டுவிடும். பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், எர்த்தைத் தனியாகப் போடுங்கள். ஜாப் வொர்க் பண்ணப் போகிறீர்கள் என்றால் வீட்டு இணைப்பில் ஓட்டாதீர்கள், 12 கிலோவாட் வரை குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கென்றே மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது.

முதல் முறை ஸ்விட்ச் போடும்போது சக் இல்லாமல் போடுங்கள். பழைய லேத்தில் சக் ஸ்பிண்டிலில் மரையால் மாட்டியிருக்கும். ஃபேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால், ஓட ஆரம்பிக்கும்போதே அந்த 30 கிலோ சக் மரை கழன்று வெளியே வந்துவிடலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம்னு சொல்றார். என்ன பண்ணலாம்?

குடியிருப்புப் பகுதிக்கு விதி பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. மெஷினைப் பொதுச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், அடியில் அதிர்வு தாங்கும் பேட் வையுங்கள், கியர் தேய்ந்த சத்தம் என்றால் அதைச் சரிசெய்யுங்கள். அவர் வீட்டுக் குழந்தைக்குப் பரீட்சை என்றால் அந்த வாரம் சாயங்கால வேலையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், விதியைவிட அது அதிக நாள் வரும்.

இடம் சின்னது, மூலையில சுவரோட ஒட்டி வச்சிரலாமா?

ஹெட்ஸ்டாக் பக்கம் சுவர் வரக் கூடாது. நீள ராடை ஸ்பிண்டில் வழியாகப் பின்னாலிருந்துதான் விடுவீர்கள், கியர் மாற்றவும் அந்தக் கவரைத் திறக்கவேண்டும். பின்பக்கம் மோட்டார் பெல்ட் மாற்ற ஒரு ஆள் நுழையும் இடம், ஒன்றரை அடியாவது விடுங்கள். வாடகை வீடு என்றால் இன்னொன்றும் உண்டு: மெஷின் வந்த வழியில் பிறகு மேடை கட்டுவது, தொட்டி வைப்பது, கதவைச் சுருக்குவது எதுவும் செய்யாதீர்கள், அந்த ஒட்டுப்பலகையையும் கட்டைகளையும் தூக்கிப் போடாமல் ஷெட்டிலேயே ஓரமாகச் சாத்தி வையுங்கள்.